ஆட்சி வளர்ந்தது, கட்சி தேய்ந்தது: நவீன் பட்நாயக்கின் 24 ஆண்டுகள்

புயலில் பத்தாயிரம் பேரைப் பறிகொடுத்த மாநிலத்தை, பத்து லட்சம் பேரைப் புயலுக்கு முன்பே பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் மாநிலமாக மாற்றியது அவருடைய ஆட்சி. அந்த ஆட்சி எந்த வழியில் வெற்றி பெற்றதோ, அதே வழியில்தான் அவருடைய கட்சி பலம் இழந்தது.

2024 ஜூன் 18 அன்று ஒடிசா சட்டமன்றத்தில் புதிய உறுப்பினர்கள் பதவியேற்றார்கள். வெள்ளை ஜிப்பாவும் பைஜாமாவுமாக வந்த 77 வயது நவீன் பட்நாயக், பா.ஜ.க. உறுப்பினர் ஒருவர் எழுந்து நின்று வணங்குவதைப் பார்த்தார். நவீன் நின்ற இரண்டு தொகுதிகளில் ஒன்றான கான்டாபாஞ்சியில் 16,344 வாக்கு வித்தியாசத்தில் அவரைத் தோற்கடித்த லட்சுமண் பாக் அவர். என்னைத் தோற்கடித்தவர் நீங்கள்தானா என்று கேட்டு, முகம் சுளிக்காமல் வாழ்த்துச் சொல்லிவிட்டு நகர்ந்தார் நவீன். அந்தக் காட்சி நாடெங்கும் பரவியது. ஆறு நாட்களுக்கு முன்பு, தன்னை வீழ்த்திய கட்சியின் முதல்வர் மோகன் சரண் மாஜியின் பதவியேற்பு விழாவுக்கும் அவர் போயிருந்தார்.

தோல்வியைக் கண்ணியமாக ஏற்றுக்கொள்ளும் தலைவர்கள் குறைந்துபோன காலம் இது. நவீனுக்கு அந்தப் பெருமை உண்டு. ஆனால், கண்ணியத்தைப் பாராட்டியதோடு நிறுத்திக்கொண்டால் பெரிய கேள்வி விடுபட்டுப்போகும். 2000 மார்ச் 5 முதல் 2024 ஜூன் வரை ஐந்து முறை தொடர்ந்து முதல்வராக இருந்தவர் அவர். அவரைவிட நீண்ட காலம் ஒரு மாநிலத்தை ஆண்டவர் சிக்கிமின் பவன் குமார் சாம்லிங் மட்டுமே. மேற்கு வங்கத்தின் ஜோதி பாசுவையே தாண்டியவர். அப்படிப்பட்டவரின் கட்சிக்கு 2024 மக்களவைத் தேர்தலில் ஓர் இடம்கூடக் கிடைக்காமல் போனது எப்படி? மாநிலக் கட்சிகளின் மீது அக்கறை உள்ள ஒவ்வொருவரும் இதற்குப் பதில் தேடியாக வேண்டும்.

டெல்லியிலிருந்து வந்த வாரிசு

நவீனின் தந்தை பிஜு பட்நாயக், ஒடிசாவில் இன்றும் கதைகளாகச் சொல்லப்படும் மனிதர். விமானி, தொழிலதிபர், சுதந்திரப் போராட்ட வீரர். 1947இல் டச்சுக்காரர்களின் முற்றுகைக்குள் விமானத்தை ஓட்டிப் போய் இந்தோனேசியத் தலைவர்களை வெளியே கொண்டுவந்தவர். அதற்காக அந்த நாடு அவருக்கு ‘பூமிபுத்ரா’ என்ற விருதைக் கொடுத்தது. பாராதீப் துறைமுகம் அவருடைய கனவு. 1961லும் 1990லும் முதல்வரானார். உள்ளாட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கி, அரசியல் சட்டத் திருத்தத்துக்கு முன்பே வழிகாட்டினார். ஊர் ஊராகப் போய் மக்களோடு மக்களாக உட்கார்ந்து பேசிப் பழகிய தலைவர் அவர்.

மகனின் வாழ்க்கை முற்றிலும் வேறாக இருந்தது. 1946இல் கட்டாக்கில் பிறந்த நவீன், டேராடூனின் டூன் பள்ளியிலும் டெல்லி கிரோரி மால் கல்லூரியிலும் படித்தார். எழுத்தாளர்கள், கலைஞர்கள், வெளிநாட்டு நண்பர்கள் என்று டெல்லியின் உயர்குடி வட்டத்தில் வாழ்ந்தார். இந்திய அரச வாழ்வைப் பற்றியும், பிகானீரைப் பற்றியும், இந்திய மூலிகைகளைப் பற்றியும் ஆங்கிலத்தில் புத்தகங்கள் எழுதினார். அவருடைய அக்கா கீதா மேத்தா உலகறிந்த எழுத்தாளர். ஐம்பது வயதுவரை நவீனுக்கு அரசியலோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஒடியா மொழியும் சரளமாக வராது.

1997 ஏப்ரல் 17 அன்று பிஜு மறைந்தார். காலியான அஸ்கா மக்களவைத் தொகுதியின் இடைத்தேர்தலில் மகனை நிறுத்தினார்கள், வென்றார். அந்த ஆண்டு டிசம்பரில் ஜனதா தளம் உடைந்து, தந்தையின் பெயரில் பிஜு ஜனதா தளம் பிறந்தது. 1998இல் வாஜ்பாய் அமைச்சரவையில் இடம் கிடைத்தது. உருக்கு, சுரங்கத் துறைகளைப் பார்த்துக்கொண்டார். கட்சியை உருவாக்கிய மூத்த தலைவர்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. பெயர் மகனுடையதாக இருக்கட்டும், பிடி நம்மிடம் இருக்கட்டும் என்று நினைத்தார்கள்.

அந்தக் கணக்கு 2000 சட்டமன்றத் தேர்தலிலேயே பொய்த்தது. கட்சியின் அடுத்த பெரிய சக்தியாகக் கருதப்பட்ட விஜய் மகாபாத்ராவுக்கு அளிக்கப்பட்ட வேட்பாளர் வாய்ப்பை, வேறு வழி தேட நேரமில்லாத கடைசிக் கட்டத்தில் நவீன் பறித்தார். தேர்தலில் பிஜு ஜனதா தளம் 68 இடங்களையும் கூட்டணிக் கட்சியான பா.ஜ.க. 38 இடங்களையும் பெற்றன. தந்தையின் பிறந்தநாளான மார்ச் 5 அன்று நவீன் முதல்வரானார். கட்சிக்குள் போட்டியாளர் என்று சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. அடுத்த 24 ஆண்டுகளுக்கும் அதுதான் நிலைமை.

பத்தாயிரம் உயிர்கள் கற்றுக்கொடுத்த பாடம்

நவீன் பொறுப்பேற்றபோது ஒடிசா ஒரு பெருந்துயரத்திலிருந்து எழ முயன்றுகொண்டிருந்தது. 1999 அக்டோபர் 29 அன்று மணிக்கு 260 கிலோமீட்டர் வேகத்தில் அடித்த சூப்பர் புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மடிந்தார்கள். ஜகத்சிங்பூர் மாவட்டத்தில் எரசமா பகுதியைக் கடல் அப்படியே விழுங்கியது. வயல்களில் மனித உடல்களும் கால்நடைகளும் கலந்து கிடந்தன. எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. போய்ச் சேர்ந்த இடங்களிலும் ஒதுங்கக் கட்டடம் இல்லை. அன்றைய காங்கிரஸ் அரசு செயலிழந்து நின்றது. மக்களின் அந்தக் கோபம்தான் நவீனை ஆட்சியில் உட்காரவைத்தது.

பேரிடர் மேலாண்மைக்கென்று தனி அமைப்பை, நாட்டிலேயே முதலாவதாக, ஒடிசா 1999 டிசம்பரிலேயே தொடங்கிவிட்டது. அது நவீனுக்கு முந்தைய அரசு போட்ட விதை. அதை மரமாக வளர்த்தது நவீன் ஆட்சி. 480 கிலோமீட்டர் கடற்கரை நெடுகத் தூண்கள் மேல் எழுப்பப்பட்ட புயல் காப்பகங்கள் நூற்றுக்கணக்கில் வந்தன. கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்து ஓடிவிடும். மேலே மக்கள் இருப்பார்கள். மற்ற நாட்களில் அங்கே பள்ளிக்கூடம் நடக்கும், ஊர்க் கூட்டம் நடக்கும். புழக்கத்தில் இருப்பதால் கட்டடம் பாழடையாது. ஒவ்வொரு காப்பகத்துக்கும் ஊர்க்காரர்களைக் கொண்ட குழு உண்டு. ஜெனரேட்டர், மரம் அறுக்கும் இயந்திரம், ஸ்ட்ரெச்சர் எல்லாம் அங்கேயே இருக்கும். எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார், எந்த வீட்டில் நடக்க முடியாத முதியவர் இருக்கிறார் என்பது குழுவின் இளைஞர்களுக்குத் தெரியும். ஆண்டுதோறும் ஒத்திகை நடக்கும்.

2013 அக்டோபர் 12இல் பைலின் புயல் வந்தபோது இந்த ஏற்பாட்டுக்குப் பரீட்சை நடந்தது. சுமார் பத்து லட்சம் பேர் புயலுக்கு முன்பே அப்புறப்படுத்தப்பட்டார்கள். ஒடிசாவில் உயிரிழந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. 2019 மே 3இல் பூரி அருகே கரை கடந்த ஃபானி புயலின்போது 12 லட்சம் பேர் இடம் மாற்றப்பட்டார்கள். 26 லட்சம் குறுஞ்செய்திகள் போயின. 43,000 தன்னார்வலர்கள் இறங்கினார்கள். 64 உயிர்கள் போயின. அந்த இழப்பும் இழப்புதான். ஆனால், இருபதே ஆண்டுகளுக்கு முன்பு அதே கரையில் பத்தாயிரம் பேர் இறந்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால்தான் சாதனையின் அளவு புரியும். கஞ்சம் மாவட்டத்தின் வெங்கட்ராய்பூரும் ஜகத்சிங்பூர் மாவட்டத்தின் நோலியாசாகியும் ‘சுனாமிக்குத் தயாரான ஊர்கள்’ என்று 2020இல் யுனெஸ்கோவின் அங்கீகாரத்தைப் பெற்றன.

இந்த இயந்திரம் எப்படி ஓடியது என்பதைக் கவனிக்க வேண்டும். முதல்வர் இலக்கு வைப்பார்: ஓர் உயிர்கூடப் போகக் கூடாது. மாவட்ட ஆட்சியர்கள் கையில் பணமும் அதிகாரமும் கொடுக்கப்படும். உள்ளூர்க் கட்சிக்காரர்கள் குறுக்கே வரமாட்டார்கள். காலக்கெடு, கண்காணிப்பு, அறிக்கை என்று எல்லாமே அதிகாரிகள் வழியே நடக்கும். புயலில் இது அபாரமாக வேலை செய்தது. அந்த வெற்றி தந்த நம்பிக்கையில், மாநிலத்தின் எல்லா வேலைகளையும் இதே வழியில் செய்யலாம் என்று நவீன் முடிவெடுத்தார். பிறகு, அரசியலையும் இப்படியே செய்துவிடலாம் என்று நம்பினார். நன்மையும் கேடும் இந்த ஒரே இடத்தில்தான் தொடங்கின.

ஒரு ரூபாய் அரிசி, எழுபது லட்சம் பெண்கள்

காலாகண்டி என்றாலே பட்டினிச் சாவு என்று நாடு பேசிய காலம் ஒன்று இருந்தது. அந்த மாவட்டம் உள்ள ஒடிசாவில் 2008இல் கிலோ 2 ரூபாய்க்கும் 2013இல் கிலோ 1 ரூபாய்க்கும் அரிசி கிடைத்தது. திட்டக் குழுவின் கணக்குப்படி 2004-05இல் ஒடிசா மக்களில் 57.2 சதவீதம் பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். 2011-12இல் அது 32.6 சதவீதமாக இறங்கியது. நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் குறியீட்டில் 2015-16இல் 29.34 சதவீதமாக இருந்தது, 2019-21இல் 15.68 சதவீதமானது. எந்த அளவுகோலை எடுத்தாலும் வேகமான இறக்கம் இது.

இன்னொரு பெரிய வேலை, 2001இல் தொடங்கிய ‘மிஷன் சக்தி’. மகளிர் சுய உதவிக் குழுக்களில் 70 லட்சம் பெண்கள் சேர்ந்தார்கள். கடன் கொடுப்பதோடு அரசு நிற்கவில்லை. நெல் கொள்முதல், பள்ளிச் சத்துணவு, மாணவர் சீருடை தைப்பது, மின்கட்டணம் வசூலிப்பது என்று அரசின் வேலைகளையே குழுக்களிடம் கொடுத்தது. கையில் காசு வந்தது, ஊரில் மதிப்பும் வந்தது. 2011இல் உள்ளாட்சிகளில் பெண்களுக்கான ஒதுக்கீடு 50 சதவீதமாக உயர்ந்தது.

2019 மக்களவைத் தேர்தலில் நவீன் எடுத்த முடிவை இந்திய அரசியல் நெடுநாள் நினைவில் வைத்திருக்க வேண்டும். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று எல்லாக் கட்சிகளும் மேடையில் பேசிக்கொண்டிருந்தபோது, 21 தொகுதிகளில் 7 தொகுதிகளை அவர் பெண்களுக்குக் கொடுத்தார். தந்தையும் தானும் நின்ற அஸ்கா தொகுதியில் பிரமிளா பிசோயி என்ற கிராமத்துப் பெண்ணை நிறுத்தினார். அதிகம் படிக்காதவர், ஆங்கிலம், இந்தி தெரியாதவர், சுய உதவிக் குழுவில் உழைத்து மேலே வந்தவர். அவர் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்று நாடாளுமன்றத்துக்குப் போனார். ஒரு முதலமைச்சரின் பரம்பரைத் தொகுதி எளிய பெண் ஒருவரின் கைக்குப் போனது.

விளையாட்டிலும் அவருடைய முத்திரை இருக்கிறது. 2018 முதல் இந்திய ஹாக்கி அணிகளுக்கு ஒடிசா அரசே புரவலரானது. அணிகளுக்கு விளம்பரதாரர் கிடைக்காமல் திண்டாடிய நேரம் அது. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடவர் அணி வெண்கலம் வென்றது. மகளிர் அணி நான்காம் இடம் பிடித்தது. சுந்தர்கர் மாவட்டத்து ஆதிவாசிப் பிள்ளைகள் மூங்கில் கழியை வைத்து விளையாடும் விளையாட்டுக்கு, ரூர்கேலாவில் பிர்சா முண்டா பெயரில் உலகக் கோப்பை அரங்கமே எழுந்தது.

மலையும் நிலமும் கேட்ட கேள்வி

இதே ஆட்சிக்கு வேறொரு முகமும் உண்டு. அதை மறைத்துவிட்டு நவீனின் கதையைச் சொல்வது நேர்மையாகாது.

2006 ஜனவரி 2 அன்று கலிங்கநகரில் உருக்காலை வளாகச் சுவர் கட்டும் பணியை ஆதிவாசிகள் எதிர்த்து நின்றார்கள். போலீஸ் சுட்டது. 13 ஆதிவாசிகள் இறந்தார்கள். ஒரு காவலரும் கொல்லப்பட்டார். 2005இல் தென்கொரியாவின் போஸ்கோ நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடப்பட்டபோது, ஜகத்சிங்பூர் மாவட்டத்தின் வெற்றிலைக் கொடிக்கால்காரர்கள் நிலத்தைத் தர மறுத்தார்கள். பல ஆண்டுகள் போராட்டம், வழக்கு, கைது. கடைசியில் 2017இல் போஸ்கோ விலகிக்கொண்டது. அதன் பிறகும் நிலம் உழவர்களிடம் திரும்பவில்லை. வேறொரு உருக்கு நிறுவனத்துக்குப் போனது.

நியமகிரி மலையில் டோங்ரியா கோந்த் மக்கள் தெய்வமாக வணங்கும் மண்ணில் பாக்சைட் வெட்ட வேதாந்தா முயன்றபோது, அரசு சுரங்கத்தின் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றத்துக்குப் போனதே அரசு நிறுவனமான ஒடிசா சுரங்கக் கழகம்தான். கிராம சபைகள் முடிவெடுக்கட்டும் என்று நீதிமன்றம் 2013 ஏப்ரலில் சொன்னது. 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் ‘வேண்டாம்’ என்றன. அரசு நினைத்ததற்கு மாறாக அந்த மலை இன்றும் நிற்கிறது.

2008இல் காந்தமால் மாவட்டத்தில் சுவாமி லட்சுமணானந்தா கொலைக்குப் பிறகு வெடித்த வன்முறையில் கிறிஸ்தவர்களின் வீடுகளும் தேவாலயங்களும் ஆயிரக்கணக்கில் எரிந்தன. அரசுக் கணக்கிலேயே ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். பா.ஜ.க.வோடு கூட்டணியில் இருந்த அரசு அதைத் தடுக்கத் தவறியது. 2009 மார்ச்சில் நவீன் அந்தக் கூட்டணியை உடைத்தார். தனித்து நின்று 147இல் 103 இடங்களை வென்றார். அது துணிச்சலான முடிவு. ஆனால், எரிந்த வீடுகளுக்குள் இருந்தவர்களுக்கு அது காலம் கடந்து வந்த முடிவு.

கலிங்கநகர், போஸ்கோ, நியமகிரி மூன்றிலும் ஒரே குறைதான் தெரிகிறது. புயல் வரும்போது மக்களை அப்புறப்படுத்த ஆட்சியர் உத்தரவு போதும். நிலத்தை விட்டு எழுந்திரு என்று சொல்ல உத்தரவு போதாது. உட்கார்ந்து பேச வேண்டும், விட்டுக்கொடுக்க வேண்டும். அது அரசியல்வாதியின் வேலை. அந்த வேலையைச் செய்யும் ஆட்கள் நவீன் ஆட்சியில் மெல்ல மெல்லக் குறைந்துபோனார்கள்.

அதிகாரி வழி அரசியல்

நவீன் ஒடியா உரையை ரோமன் எழுத்தில் எழுதிவைத்துப் படிப்பார். கொஞ்ச நாளில் மொழியைக் கற்றுக்கொள்வேன் என்று 2000இல் சொன்னார். 24 ஆண்டுகளிலும் அது முழுமையாக நடக்கவில்லை. ஆரம்பத்தில் மக்கள் இதைக் குறையாகக் கருதவில்லை. பணத்தைத் தன் பையில் போட்டுக்கொள்ளத் தெரியாத மனிதர், திருமணம் செய்துகொள்ளாதவர், ஊழல் புகார் வந்தால் அமைச்சர்களையே தூக்கி எறிபவர் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு அடிப்படை இருந்தது. சுரங்க முறைகேடுகளும் சீட்டு நிறுவன மோசடிகளும் கட்சிக்காரர்கள் பலரைத் தொட்டபோதும், அவருடைய தனிப்பட்ட நேர்மையை மக்கள் சந்தேகிக்கவில்லை.

ஆனால், மொழி தெரியாத முதல்வருக்கும் மக்களுக்கும் நடுவே யாரோ ஒருவர் தேவைப்பட்டார். முதல் பத்தாண்டுகளில் அந்த இடத்தில் இருந்தவர் பியாரி மோகன் மகாபாத்ரா. பிஜுவிடமும் பணியாற்றிய முன்னாள் ஐ.ஏ.எஸ். அதிகாரி. வேட்பாளர் தேர்விலிருந்து அமைச்சர்கள் பட்டியல்வரை அவர் கை இருந்தது. 2012 மே மாத இறுதியில் நவீன் லண்டனில் இருந்தபோது, சட்டமன்ற உறுப்பினர்கள் பலர் மகாபாத்ராவின் வீட்டில் கூடினார்கள். ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி என்று செய்தி பரவியது. நாடு திரும்பிய நவீன் அவரைக் கட்சியிலிருந்து இடைநீக்கம் செய்தார்.

அந்தச் சம்பவத்திலிருந்து அவர் எடுத்துக்கொண்ட பாடம்தான் தவறாகிப்போனது. கட்சிக்குள் அதிகாரத்தைப் பகிர்ந்துகொண்டு, நாலு தலைவர்களை வளர்த்துவிட்டிருக்கலாம். மாறாக, இனி எந்தக் கட்சிக்காரரையும் நம்பக் கூடாது என்ற முடிவுக்கு அவர் வந்தது போலவே பின்வந்த ஆண்டுகள் நகர்ந்தன. அமைச்சர்கள் பெயருக்கு இருந்தார்கள். சட்டமன்ற உறுப்பினர் தன் தொகுதிக்கு ஒரு பாலம் வேண்டுமென்றாலும் முதல்வரின் அலுவலகத்தில் உள்ள அதிகாரியைப் பிடிக்க வேண்டும். திட்டங்கள் நன்றாக நடந்தன; கட்சிக்காரருக்கு ஊரில் வேலையே இல்லாமல் போனது.

வெற்றிகள் இதை மறைத்தன. 2014இல் 117 சட்டமன்ற இடங்கள், 21இல் 20 மக்களவை இடங்கள். 2017 உள்ளாட்சித் தேர்தலில் பா.ஜ.க. 36 மாவட்டப் பஞ்சாயத்து இடங்களிலிருந்து 297க்குத் தாவியபோது எச்சரிக்கை மணி அடித்தது. 2022இல் பிஜு ஜனதா தளம் 852 இடங்களில் 766ஐ அள்ளியதும் அந்த மணிச் சத்தம் மறந்துபோனது.

டெல்லியில் நடந்ததும் ஒரு காரணம். காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்து நீக்கம் முதல் 2023 டெல்லி அதிகாரிகள் மசோதாவரை நாடாளுமன்றத்தில் மோடி அரசுக்கு முக்கியமான நேரங்களில் பிஜு ஜனதா தளம் கைகொடுத்தது. மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் ஒடிசாவிலிருந்து மாநிலங்களவைக்குப் போனது நவீனின் ஆதரவோடுதான். டெல்லியில் தோழன், புவனேஸ்வரில் எதிரி என்று எந்த வாக்காளரிடம் சொல்லி நம்பவைக்க முடியும்? மாநிலத்துக்குள் காங்கிரஸ் கரைந்துகொண்டே போக, எதிர்க்கட்சியின் இடம் முழுவதும் பா.ஜ.க.வுக்குப் போய்ச் சேர்ந்தது.

மதுரைக்காரரும் கருவூலச் சாவியும்

பியாரி மோகன் மகாபாத்ராவின் இடத்துக்கு வந்தவர் தமிழ்நாட்டு வாசகர்கள் பெயர் அறிந்தவர். மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த வி.கே.பாண்டியன், 2000ஆம் ஆண்டுத் தொகுப்பு ஐ.ஏ.எஸ். அதிகாரி. ஒடிசாவைச் சேர்ந்த சக அதிகாரியை மணந்து, பஞ்சாப் பிரிவிலிருந்து ஒடிசாவுக்கு வந்தவர். மயூர்பஞ்ச், கஞ்சம் மாவட்டங்களில் நல்ல ஆட்சியர் என்று பெயரெடுத்தார். சரளமாக ஒடியா பேசினார். 2011இல் முதல்வரின் தனிச் செயலரானார். மருத்துவமனை, பள்ளி, கோயில் வளாகம் என்று வேலைகளை விரட்டி முடிப்பதில் அவருடைய திறமையை எதிரிகளும் ஒப்புக்கொண்டார்கள்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. பதவியில் இருக்கும் அதிகாரி ஒருவர் ஹெலிகாப்டரில் மாவட்டம் மாவட்டமாகப் போய் மக்களிடம் மனு வாங்கினார். அமைச்சர்கள் ஓரமாக நின்றார்கள். 2023 அக்டோபரில் விருப்ப ஓய்வு பெற்ற பாண்டியனுக்கு உடனே அமைச்சர் அந்தஸ்தில் பதவி கிடைத்தது. நவம்பரில் கட்சியில் சேர்ந்தார். 2024 தேர்தலில் நவீனுக்கு அடுத்தபடியாகக் கட்சியின் முகமே அவர்தான். என் வாரிசு அவர் அல்ல, வாரிசை மக்கள் முடிவு செய்வார்கள் என்று நவீன் சொன்னபோது, கேட்பவர்கள் நம்பும் நேரம் கடந்துவிட்டிருந்தது.

‘ஒடியா சுயமரியாதை’ என்ற முழக்கத்தைப் பா.ஜ.க. கையில் எடுத்தது. பூரி ஜெகந்நாதர் கோயிலின் ரத்ன பண்டாரம் எனும் கருவூலத்தின் உள்ளறைச் சாவி காணாமல் போன விவகாரம் 2018லிருந்தே புகைந்துகொண்டிருந்தது. அந்தச் சாவி தமிழ்நாட்டுக்குப் போய்விட்டதாகப் பேசப்படுகிறது என்று பிரதமர் நரேந்திர மோடி தேர்தல் மேடையில் சொன்னார். ஒரு மாநில மக்கள் அனைவரையும் திருடர்களாகக் காட்டும் பேச்சு அது. அப்போது தமிழ்நாட்டு முதல்வராக இருந்த மு.க.ஸ்டாலின் அதைக் கண்டித்தது நியாயம். பாண்டியன் எந்த ஊரில் பிறந்தார் என்பதை வைத்து அவரைத் தாக்கியது தவறான அரசியல். இந்தியாவின் எந்த மூலையில் பிறந்தவரும் எந்த மாநிலத்திலும் மக்களிடம் வாக்குக் கேட்டு வரலாம்.

ஆனால், வாக்குக் கேட்டு வர வேண்டும் என்பதுதான் இங்கே முக்கியம். யாராலும் தேர்ந்தெடுக்கப்படாத ஒருவர், தேர்ந்தெடுக்கப்பட்ட அத்தனை பேருக்கும் மேலே இருந்தது எப்படிச் சரியாகும்? இதைத் தமிழர் என்ற பாசத்தால் நாம் கேட்காமல் விட முடியாது. அவர் பூரியில் பிறந்திருந்தாலும் இந்தக் கேள்வி அப்படியே இருக்கும். மேடையில் பேசிக்கொண்டிருந்த நவீனின் நடுங்கும் கையைப் பாண்டியன் எடுத்து மறைத்த வீடியோவைப் பார்த்த ஒடிசா மக்களுக்கு, ஆள்பவர் யார் என்ற சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கக் கட்சியில் நம்பகமான வேறு குரல் இல்லை. தோல்விக்குப் பிறகு ஜூன் 9 அன்று பாண்டியன் தீவிர அரசியலிலிருந்து விலகினார்.

கான்டாபாஞ்சி சொன்ன தீர்ப்பு

தேர்தல் முடிவைக் கூர்ந்து பார்த்தால் ஆச்சரியமான ஒன்று தெரியும். சட்டமன்றத் தேர்தலில் பிஜு ஜனதா தளம் பெற்ற வாக்கு 40.22 சதவீதம், பா.ஜ.க. 40.07 சதவீதம். இடங்களோ 51க்கு 78. அதாவது, மக்கள் நவீனை வெறுத்து ஒதுக்கவில்லை. பத்தில் நான்கு பேர் அப்போதும் அவர் கட்சியின் சங்குச் சின்னத்துக்கே வாக்களித்தார்கள். ஆனால், 2019இல் 60,000க்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் அவர் வென்ற ஹிஞ்சிலி தொகுதியில், இம்முறை 4,636 வாக்குகளில்தான் தப்பினார்.

கான்டாபாஞ்சியில் தோற்றதற்கு இன்னும் ஆழமான பொருள் இருக்கிறது. மேற்கு ஒடிசாவின் பலாங்கீர் மாவட்டத்தில் உள்ள அந்த ஊர், பிழைக்கப் போகிறவர்களின் ரயில் நிலையம். நுவாகாய் அறுவடைத் திருநாள் முடிந்ததும் தரகர்கள் வருவார்கள். குடும்பத்துக்கு இவ்வளவு என்று முன்பணம் கொடுப்பார்கள். பாத்திரம், பாய், கைக்குழந்தையோடு ரயிலேறும் மக்கள் ஆந்திரா, தெலங்கானா, தமிழ்நாட்டுச் செங்கல் சூளைகளில் போய் இறங்குவார்கள். அந்தக் கடன் கழியும்வரை திரும்ப முடியாது. சென்னைக்குப் பக்கத்தில் திருவள்ளூர் மாவட்டத்துச் சூளைகளில் கல் அறுக்கும் குடும்பங்களில் பலருக்கு அதுதான் சொந்த மண். நம் வீடுகளின் சுவர்களில் அவர்களுடைய உழைப்பு இருக்கிறது.

ஒரு ரூபாய் அரிசி அவர்களைப் பட்டினியிலிருந்து காப்பாற்றியது உண்மை. ஆனால், 24 ஆண்டுகளுக்குப் பிறகும் அரிசி மட்டும் போதாது, சொந்த ஊரில் வேலை வேண்டும் என்று மக்கள் எதிர்பார்த்தார்கள். பசியாறிய தலைமுறை அடுத்ததைக் கேட்கும், கேட்க வேண்டும். அதைக் கோப்பின் வழியே கேட்டு அறிய முடியாது. ஊரில் திண்ணையில் உட்கார்ந்து திட்டு வாங்கும் கட்சிக்காரர் வழியேதான் அது தலைவரின் காதுக்கு வரும். அந்த வழியை நவீனே அடைத்துவைத்திருந்தார்.

மாநிலக் கட்சிகள் கற்க வேண்டியது

பதவியிழந்த பிறகும் கட்சியின் தலைவர் அவர்தான். அடுத்த தலைமுறை யார் என்பது இன்னும் தெளிவாகவில்லை. 2025 ஏப்ரலில் வக்ஃப் திருத்த மசோதா மாநிலங்களவைக்கு வந்தபோது, எதிர்ப்போம் என்று சொல்லியிருந்த கட்சி கடைசி நேரத்தில் உறுப்பினர்களின் மனசாட்சிக்கு விட்டுவிட்டது. கட்சிக்குள்ளேயே கொந்தளிப்பு எழுந்தது. யார் முடிவெடுத்தார்கள் என்று சொந்தத் தலைவர்களே கேட்டார்கள். ஆட்சி இருந்தவரை கேட்க முடியாத கேள்வியை இப்போதாவது கேட்கிறார்கள் என்பது நல்ல அறிகுறி.

நவீன் பட்நாயக்கின் பணி வீண் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒடிசாவின் கடற்கரையில் இன்றைக்கு உயிரோடு நடமாடும் பல்லாயிரம் பேருக்கு அந்த ஆட்சி உயிர் கொடுத்திருக்கிறது. இந்தியாவின் மற்ற கடலோர மாநிலங்கள், தமிழ்நாடு உட்பட, ஒடிசாவின் புயல் காப்பகக் குழுக்களிடமிருந்து கற்றுக்கொள்ள இன்னும் நிறைய இருக்கிறது. 70 லட்சம் பெண்களின் கைக்கு வந்த பணத்தையும் மதிப்பையும் எந்த அரசு வந்தாலும் பிடுங்க முடியாது.

ஆனால், ஆட்சி வேறு, கட்சி வேறு. நல்ல அதிகாரிகளை வைத்து நல்ல ஆட்சியைத் தரலாம். ஒரு மாநிலத்தின் குரலாக நீடிக்கக் கட்சிதான் வேண்டும். அதில் கிளைச் செயலாளருக்கு வேலை இருக்க வேண்டும், சட்டமன்ற உறுப்பினருக்குச் சொல் இருக்க வேண்டும், தலைவரை எதிர்த்துப் பேச நாலு பேராவது இருக்க வேண்டும். அடுத்து யார் என்ற கேள்விக்குத் தலைவர் திடகாத்திரமாக இருக்கும்போதே பதில் உருவாகியிருக்க வேண்டும். இந்தியா முழுவதும் மாநிலக் கட்சிகள் ஒரு குடும்பத்திலோ ஒரே ஒரு தலைவரிலோ சுருங்கிக்கொண்டிருக்கின்றன. தேர்தல் வியூகத்தை நிறுவனங்களிடமும் நிர்வாகத்தை அதிகாரிகளிடமும் ஒப்படைத்துவிட்டுத் தொண்டரைச் சுவரொட்டி ஒட்ட மட்டும் வைத்துக்கொள்ளும் கட்சிகள் ஒடிசாவை ஒருமுறை நன்றாகப் பார்க்கட்டும். டெல்லியில் எவ்வளவு பலமான ஆட்சி இருந்தாலும், ஊருக்குள் உயிரோடு இருக்கும் கட்சியை அது அவ்வளவு எளிதில் வீழ்த்திவிட முடியாது. ஊருக்குள் ஆளில்லாத கட்சியை வீழ்த்த ஒரே ஒரு தேர்தல் போதும்.